ஒரே காரை மூன்று பேருக்கு விற்ற ஒரிஜினல் அண்ணன்

கிள்ளான் பள்ளத்தாக்கில் உண்மையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சரளமாகப் பேசக்கூடியவர்கள் ஏராளம். ஆனால் அவர்களில் ஒருவருக்குக்கூட எங்கள் ஒரிஜினல் அண்ணன் பக்கத்தில் நிற்கும் லாயக்கு கிடையாது. இதை நான் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. நேரிலேயே சொல்லியிருக்கிறேன். அவர் கொஞ்சமும் கோபித்துக்கொள்ளாமல், "அப்படிச் சொல்லு தம்பி, அதுதான் ஒரிஜினல்" என்று எனக்கு நுரை ததும்ப ஆற்றிய தே தாரிக் ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று பிரிக்பீல்ட்ஸில் யாருக்கும் தெரியாது. எதை எடுத்தாலும் 'ஒரிஜினல்' என்பார், அதனால் அதுவே பெயராகிவிட்டது. அவர் கையில் கட்டியிருந்த கடிகாரம் ஒரிஜினல். அதில் முள் இல்லை. பல்செட் ஒரிஜினல். அது வேறு யாருக்கோ செய்த பல்செட் என்று அவர் சிரிக்கும்போதே தெரிந்துவிடும்.

எண்பதுகளின் நடுவில் நான் அங்கே ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் மோட்டார் பிரிவு கிளார்க். அந்த உத்தியோகத்தில் இருப்பவனுக்கு ஒரு வியாதி வரும். எதைப் பார்த்தாலும் அடுத்து நடக்கப்போகும் விபத்துதான் கண்ணுக்குத் தெரியும். பிள்ளை ஐஸ்கிரீம் சாப்பிட்டால் குச்சி தொண்டையில் குத்துவதாகத் தெரியும். கல்யாண வீட்டில் குத்துவிளக்கைப் பார்த்தால் பந்தல் எரிவதாகத் தெரியும். இப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளியைக் கொண்டுபோய் ஒரிஜினல் அண்ணனின் வொர்க்‌ஷாப்புக்கு நாலு கடை தள்ளி வாடகை அறையில் குடிவைத்தது என் தலையெழுத்து.

ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் வொர்க்‌ஷாப். அவருடைய தொழில் பழைய ரேலி கார்களைத் தேடிக் கண்டுபிடித்துத் தருவது. ரேலி என்றால் காட்டுப் பாதையிலும் எஸ்டேட் பாதையிலும் காரை விரட்டிக்கொண்டு, சொன்ன நேரத்துக்குள் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேரும் பந்தயம். ஓட்டுபவர் பக்கத்தில் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு வழி சொல்ல ஒருவர் உட்கார்ந்திருப்பார். எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே அந்தப் பைத்தியம் கொஞ்சம் பலமாகவே இருந்தது. அந்தக் காலத்துக் கார்களுக்கு எண்பதுகளில் திடீரென்று கிராக்கி வந்தது. கிராக்கி வந்தால் சரக்கும் வரத்தானே வேண்டும்? அண்ணன் கொட்டகைக்குள் காலையில் டாக்சியாக நுழையும் கார், இரண்டு மாதம் கழித்து சாம்பியனாக வெளியே வந்தது.

நான் முதன்முதலில் அங்கே போனது ஆபீஸ் வேலையாக. ஒவ்வொரு காருக்கும் உடம்பில் ஓர் எண் அடித்திருப்பார்கள், சேசிஸ் நம்பர் என்று பெயர். அதுதான் காருக்கு அடையாளம். அந்த எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, தடம் எடுத்துக்கொண்டு வருவது என் கடமை. காகிதத்தை வைத்து விரலால் அழுத்தினேன். சுரீரென்று சுட்டது. கையை உதறிக்கொண்டு, "அண்ணே, தகடு கொதிக்குதே" என்றேன்.

"ஒரிஜினல் தகடு தம்பி. இப்பதான் அடிச்சேன்" என்றார்.

நான் காகிதத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். நான் நியாயஸ்தன். இந்தக் காருக்கு என் ஆபீஸ் இன்ஷூரன்ஸ் போடாது என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். அவர் வேறு ஆபீசுக்குப் போய்விட்டார். பகை முடிந்தது என்று நினைத்தால், மறுநாள் மாலை என் கால் தானாக அந்தக் கொட்டகைப் பக்கம் திரும்பியது. அதற்கடுத்த நாளும் திரும்பியது. அதிர்ச்சியும் ஒரு போதைதான் போலிருக்கிறது.

அங்கே நான் கண்ட காட்சிகளைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். புது இருக்கை பழசாகத் தெரிய வேண்டுமென்றால், பக்கத்து வீட்டுப் பூனையைக் காருக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது இருக்கைக்குப் பத்து வயது கூடியிருக்கும். பூனைக்கும்தான். புதுக் கதவைப் பூச்சோங்கில் ஒரு பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் போட்டுத் துருவேற ஊறவைப்பார். எல்லாவற்றையும்விட என்னைத் தூக்கிவாரிப் போட்டது, சுவரோரமாக அடுக்கியிருந்த பால்மாவு டின்கள். ஒவ்வொரு டின்னிலும் ஒவ்வோர் ஊர் மண். ரேலி ஓடிய கார் என்றால் சக்கரத்துக்கு மேலே, உள்பக்கம், அந்த ஊர் மண் ஒட்டியிருக்க வேண்டாமா? வாங்க வருகிறவர் குனிந்து விரலால் சுரண்டி, முகர்ந்து பார்த்து, "அடடா, செமினி மண்" என்பார். செமினி மண்ணேதான். அண்ணன் போன வாரம் பஸ் ஏறிப் போய் அள்ளிக்கொண்டு வந்தது.

அவருடைய கைவண்ணத்தில் தலைசிறந்தது ஒரு வெள்ளை எஸ்கார்ட் கார். பக்கவாட்டில் சிவப்புக் கோடு, கதவில் பதினேழாம் எண், முன்பக்க இடது மட்கார்டில் ஒரு பள்ளம். அது சாதாரணப் பள்ளமில்லை, சரித்திரப் பள்ளம். செமினிப் பக்கம் ஓடிய ஒரு ரேலியில் குறுக்கே வந்த எருமை மேல் மோதியும் நிற்காமல் போய் அந்தக் கார் முதல் பரிசு அடித்ததாம். கேட்பவர் கொஞ்சம் பசையுள்ளவராக இருந்தால் எருமை யானையாகிவிடும். ஓட்டியவர் அண்ணன். வழி சொன்னவர், பொதுப்பணி இலாகாவில் நில அளவை செய்துகொண்டிருந்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். அண்ணன் அவரை 'சர்வேயர் ஐயா' என்றுதான் சொல்வார். சொல்லும்போது பல்செட்டைச் சரிசெய்துகொள்வார்.

ரேலிக் கார்களில் கதவோரம் இரண்டு பேர் பெயரும் எழுதியிருப்பார்கள். ஓட்டுபவர் பெயர் மேலே, வழி சொல்பவர் பெயர் கீழே, அதுதான் வழக்கம். இந்தக் காரில் சர்வேயர் ஐயாவின் பெயர் மேலே பெரிதாக இருக்கும். கீழே சின்னதாக 'ஒரிஜினல்' என்று இருக்கும். ஏன் இப்படி என்று கேட்டேன். "அவரு படிச்சவரு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார்.

இந்தக் காரைப் பங்சாரில் இருந்த ஒரு பல் டாக்டர் வாங்கினார். நல்லது. கொஞ்ச நாள் கழித்து கிள்ளானில் லோரி கம்பெனி வைத்திருந்த முதலாளி ஒருவரும் இதே காரை வாங்கினார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த மயக்கம் தெளிவதற்குள் செமினியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் இதே காரை வாங்கிவிட்டார். அதே வெள்ளை, அதே சிவப்பு, அதே பதினேழு, அதே எருமை. மூன்றாவது காருக்கு அவர் பள்ளம் போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். மணல் மூட்டையை முட்டுக்கொடுத்து, பஞ்சாங்கத்தில் ராகு காலம் போய்விட்டதா என்று பார்த்து, எலுமிச்சம்பழம் ஒன்றை அறுத்துவைத்துவிட்டு மரச்சுத்தியலால் ஒரே அடி.

"அண்ணே, மூணு பேரும் சந்திச்சுக்கிட்டா என்ன ஆவுறது?" என்று கேட்டேன்.

அதெல்லாம் சந்திக்க மாட்டார்கள் என்றார். மூன்று பேரிடமும் தனித்தனியாக ஒரு சத்தியம் வாங்கியிருந்தார். கண்காட்சிக்குக் கொண்டுபோகக் கூடாது, படம் எடுக்க விடக் கூடாது, கண் பட்டால் எஞ்சின் வெடித்துவிடும். மூன்று பேரும் பயபக்தியுடன் காரை வீட்டிலேயே பூட்டிவைத்திருந்தார்கள். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். இவ்வளவு கெட்டிக்காரர் கோட்டைவிட்ட இடம் எது தெரியுமா? ஆயுத பூஜை.

ஆயுத பூஜையன்று வண்டி வைத்திருக்கும் நம்மவர்கள் யாரும் பூஜை போடாமல் இருக்க மாட்டார்கள். மூன்று பேரும், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், அண்ணனிடம் வந்து எந்தக் கோயில், எந்த நேரம் என்று கேட்டிருக்கிறார்கள். அவரும் பஞ்சாங்கத்தைப் பார்த்து, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கோயிலையும் அன்றைக்கு இருப்பதிலேயே சிறந்த முகூர்த்தத்தையும் மூன்று பேருக்கும் சொல்லியிருக்கிறார். பிறகு நான் தலையில் அடித்துக்கொண்டு, ஒருவருக்காவது நேரத்தை மாற்றிச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டபோது அவர் என்னை அருவருப்புடன் பார்த்தார். "காருல பொய் சொல்லலாம் தம்பி. நல்ல நேரத்துல பொய் சொல்லலாமா?" என்றார்.

அன்று கோயில் வாசலில் டாக்சி, மோட்டார்சைக்கிள், லோரி என்று வரிசை தெருமுனை வரை நின்றது. டாக்டரின் கார் முதலில் வந்தது. குருக்கள் சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கி நகர்த்தச் சொன்னார். இரண்டு டாக்சிக்குப் பிறகு கிள்ளான் முதலாளியின் கார். குருக்கள் அதைப் பார்த்தார், கையில் இருந்த தட்டைப் பார்த்தார். "இதுக்கு அர்ச்சனை ஆயிடுத்தே, மறுபடி எதுக்கு வரிசையில நிக்கிறேள்?" என்றார். முதலாளி, தான் இப்போதுதான் வந்ததாகச் சொன்னார். அந்த நேரம் பார்த்து, தலைமையாசிரியர் தன் காரைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்து மூன்றாவதாக நிறுத்தினார்.

நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார் என்றுதான் என் ஞாபகம். மூன்று வெள்ளைக் கார்கள், மூன்று பதினேழு. முதலாளி மெதுவாக இறங்கி வந்து தன் காரின் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அதே கையை எடுத்துப் போய் டாக்டர் காரின் பள்ளத்தில் வைத்தார். பொருந்தியது. தலைமையாசிரியர் காரிலும் வைத்தார். அங்கேயும் பொருந்தியது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரிஜினல் அண்ணன் வந்தார். கையில் மாலை. ஒன்றல்ல, மூன்று. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு மாலை போட வேண்டுமென்று காலையிலேயே சொல்லிவைத்துக் கட்டியது. அதை வாங்கும்போதாவது இந்த மனிதருக்கு உறைத்திருக்க வேண்டாமா?

மூன்று காருக்கும் மாலையைச் சாத்திவிட்டுத்தான் அவர் திரும்பிப் பார்த்தார்.

"இதுல எது ஒரிஜினல்?" என்றார் முதலாளி. குரல் தாழ்ந்திருந்தது, அதுவே பயமாக இருந்தது.

"மூணும்தான் பாஸ்."

அதற்கு அவர் கொடுத்த விளக்கம் இன்றும் என் காதில் ஒலிக்கிறது. பழைய கார் ஒன்றுதான். அதைப் பிரித்துவிட்டாராம். டாக்டருக்குக் கொடுத்தது அந்தக் காரின் கதவு, முதலாளிக்கு ஸ்டீரிங், தலைமையாசிரியருக்கு இருக்கை. மற்றதெல்லாம் மேலே கூட்டியது. அப்பா சொத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக்கொடுப்பதில்லையா? அதில் ஒருத்தன் மட்டும்தான் அசல் பிள்ளையா? முழுக் காரையும் ஒருத்தரிடமே கொடுத்தால் ஒருத்தருக்கு மட்டும்தானே சந்தோஷம்? டாக்டர் வாயைப் பிளந்தவர் மூடவில்லை. பிறர் வாயையே பார்த்துப் பழகியவர், பாவம்.

முதலாளி மட்டும் அசையவில்லை. நேராக போலீஸ் பாலாய்க்குப் போகப்போவதாகவும், கொட்டகையை இழுத்து மூடவைத்து அண்ணனை உள்ளே தள்ளாமல் வீட்டுக்குப் போகப்போவதில்லை என்றும் சொன்னார். அவர் அப்படிச் செய்யக்கூடியவர். தலைமையாசிரியர்தான் குறுக்கே புகுந்து, ஒரு காரைப் பற்றி அதில் போனவரிடம் கேட்காமல் முடிவெடுப்பது சரியில்லை என்றார். கதவில் பெயர் இருக்கிறதே, அந்த சர்வேயரைக் கூப்பிட்டுக் கேட்போம். அவர் எதையாவது ஒன்றை அசல் என்று சொன்னால் அதோடு முடித்துக்கொள்வோம், இல்லையென்றால் பாலாய். முதலாளி யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

ஒரிஜினல் அண்ணன் முகம் வெளிறி நான் பார்த்தது அப்போதுதான். "அவரைக் கூப்பிடாதீங்க பாஸ்" என்றார். "நீங்க பாலாய்க்கே போங்க. நான் வந்துடுறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சர்வேயர் ஐயாவை அழைத்துவரும் வேலை என் தலையில் விழுந்தது. அவருடைய சொந்தக் காருக்கு எங்கள் ஆபீசில்தான் இன்ஷூரன்ஸ், அதனால் விலாசம் என்னிடம் இருந்தது. உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று பெட்டாலிங் ஜெயாவில் இருந்தார். தேய்த்த வெள்ளைக் கால்சட்டை, கையில் குடை, அரசாங்க உத்தியோகம் முழுவதும் ஒரு பொய் பேசாதவர் என்று பெயர். விஷயத்தைச் சொன்னதும் அலமாரியைத் திறந்து, மடித்திருந்த பழைய வரைபடம் ஒன்றை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அண்ணன் கதை முடிந்தது என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

கொட்டகை முன்னால் மூன்று காரும் நின்றன. மூன்று பேரும் நின்றார்கள். அண்ணனைக் காணோம். ஒரு டாக்சிக்கு அடியிலிருந்து அவருடைய கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. சர்வேயர் ஐயா கார்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவந்தார். ஒவ்வொன்றின் கதவிலும் நின்றார். கடைசிக் கதவில் விரலை வைத்து, "என்ரை பேர் மேலை கிடக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் குடையைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பினார். "இதிலை ஒண்டும் அந்தக் கார் இல்லை" என்றார். முதலாளி, அப்படியென்றால் சரி என்பதுபோல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஐயா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னும் ஒண்டு கிடக்கு. அந்தக் கார் வெல்லவும் இல்லை. நாங்கள் போய்ச் சேரவே இல்லை. பிழை என்ரை."

அவர் நின்றபடி சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரேலிக்காரர்கள் வழியெல்லாம் எழுதிக் கையில் கொடுத்திருந்தார்கள். ஐயா அதைப் பார்க்கவில்லை. செமினிக்கு அந்தப் பக்கம் ஒரு குறுக்குப் பாதை உண்டு, அதை அளந்தவரே அவர்தான், தன் கையால் வரைந்த வரைபடத்தில் அது இருக்கிறது. ஆகவே அதில் போகச் சொன்னார். "அளந்தனான். படத்திலை கீறியும் விட்டனான். இலாகா ரோட்டை மட்டும் போடேல்லை" என்றார். கார் ரப்பர் தோட்டத்துக்குள் போய் ஒரு தண்ணீர்த் தொட்டியில் முட்டி நின்றுவிட்டது. எருமையுமில்லை, யானையுமில்லை.

"நில அளவையாளருக்கே வழி தெரியாமல் போச்சுது எண்டால் ஆபீசிலை சிரிப்பாங்கள். இவர் என்ன செய்தவர் தெரியுமோ? எஞ்சின் ஜாம், பிழை தன்ரை எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டார். ஒரு மெக்கானிக்குக்கு அது எவ்வளவு அவமானம். எனக்கு முகத்தைக் காட்டேலாமல் போச்சு. அந்த நாளிலையிருந்து நான் பிரிக்பீல்ட்ஸுக்கு வரேல்லை" என்றார் ஐயா.

டாக்சிக்கு அடியிலிருந்து, "எஞ்சின் நெசமாவே ஜாம் ஆச்சு ஐயா" என்று ஒரு சத்தம் வந்தது.

தாங்கள் வாங்கியது அசலும் இல்லை, அசல் எதையும் ஜெயிக்கவும் இல்லை என்பதை ஜீரணிக்க மூன்று பேருக்கும் நேரம் வேண்டியிருந்தது. முதலாளி, செமினிக்காரரான தலைமையாசிரியரிடம், அந்த ரோடு இப்போதாவது வந்திருக்கிறதா என்று கேட்டார். வந்து சில வருஷம் ஆகிறது, அதில் பள்ளிக்கூட பஸ் போகிறது என்றார் தலைமையாசிரியர்.

"நான் லோரிக்காரன்" என்றார் முதலாளி. "ஏத்துன சாமானை எறக்காம என் லோரி எதுவும் திரும்பி வந்ததில்ல. மொதல்ல ரெண்டு பேரும் அந்த ரேலிய ஓட்டி முடிங்க. அப்புறம் பாலாய்."

இப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையே, ஒரே காரின் மூன்று பிள்ளைகளும் வரிசையாக காஜாங் ரோட்டில் போயின. முன்னால் முதலாளியின் கார். அண்ணன் ஓட்ட, பக்கத்தில் வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு சர்வேயர் ஐயா. பின்னிருக்கையில் நான். முதலாளி டாக்டர் காரில் ஏறிக்கொண்டு பின்னால் வந்தார், தலைமையாசிரியர் கடைசியாக வந்தார். பூனை கிழித்த இருக்கையில், நானே இன்ஷூரன்ஸ் போட மறுத்த மாதிரியான ஒரு காரில் உட்கார்ந்து, தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். முன்னால் இருந்த இருவரும் பேசிக்கொள்ளவேயில்லை. ஐயா "இடது" என்பார், "வலது" என்பார். அண்ணன் திருப்புவார். அவ்வளவுதான். ஆனால் அண்ணன் அன்று ஓட்டிய நேர்த்தியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

செமினியைத் தாண்டியதும் ஒரு பிரிவு வந்தது. இடது பக்கம் புதுத் தார் ரோடு, அகலமாக, நடுவில் வெள்ளைக்கோடு போட்டு, கண் தெரியாதவனுக்கும் தெரிகிற மாதிரி கிடந்தது. வலது பக்கம் செம்மண் பாதை ஒன்று, ரப்பர் போய் எண்ணெய்ப்பனையாகியிருந்த தோட்டத்துக்குள் போயிற்று. ஐயா வரைபடத்தில் விரலை வைத்து, நிமிர்ந்து பார்க்காமல், "வலது" என்றார். பின்னால் தலைமையாசிரியர் ஹாரனை அழுத்தினார். கை எடுக்காமல் அழுத்தினார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி இடது பக்கம் காட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் வலது பக்க சிக்னலைப் போட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் பாதை குறுகியது. புல் முளைத்தது. கடைசியில் ஒரு பெரிய வாய்க்கால் குறுக்கே வந்து பாதை முடிந்துபோயிற்று. இலாகா ரோட்டைப் போட்டதென்னவோ உண்மைதான். ஐயா வரைந்த இடத்தில் போடவில்லை. கார் நின்றது. ஐயா இறங்கி, வரைபடத்தை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரை வரை நடந்துபோய், அங்கே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நான் முன்னால் எட்டி, தாழ்ந்த குரலில், "அண்ணே, லெப்டுல அவ்வளவு பெரிய ரோடு இருந்துச்சே, பாக்கலயா?" என்றேன்.

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் இப்படித் திருப்புனீங்க?"

"ஐயா வலதுன்னாரு."

கேட்கலாமா வேண்டாமா என்று தெரியாமலேயே கேட்டுவிட்டேன். அன்றைக்கு, அந்த ரேலியன்றைக்கு, ரோடு இல்லையென்று அவருக்குத் தெரியுமா என்று.

அவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "அங்கதான் எங்க லயத்து வீடு இருந்துச்சு. நான் பொறந்து வளந்த எஸ்டேட்டு தம்பி இது. கண்ண மூடிக்கிட்டுகூட ஓட்டுவேன்."

என் வாழ்க்கையில் எத்தனையோ அதிர்ச்சிகளை அந்த மனிதர் கொடுத்திருக்கிறார். இது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ஏன் அண்ணே என்று மட்டும்தான் என்னால் கேட்க முடிந்தது.

"ரேலிக்குப் பேரு குடுக்கணும்னா பக்கத்துல ஒரு ஆளு வேணும். நான் யார் யாரையோ கேட்டேன். எஸ்டேட்டுக்காரப் பய, இவன் காருல யாரு உக்காருவான்னு சிரிச்சாங்க. அவரு ஒருத்தர்தான் வந்து ஏறுனாரு" என்றார். பல்செட்டைச் சரிசெய்துகொண்டார். "என்னை நம்பி ஏறுனவரு சொல்ற வழிய நான் நம்பலன்னா எப்படி தம்பி?"

மற்ற இரண்டு காரும் வந்து நின்றன. முதலாளி இறங்கி வேகமாக வந்தார். வாய்க்கால் கரையிலிருந்து ஐயாவும் திரும்பி வந்துகொண்டிருந்தார். வரைபடம் கையில் தொங்கியது. எங்களை நிமிர்ந்து பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. அவர் பக்கத்தில் வந்ததும் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "எஞ்சின் ஜாம் ஆயிருச்சு ஐயா. இதுக்கு மேல போவாது. என் தப்புதான்" என்றார்.

அவர் இதைச் சொல்லும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சீராக, சுகமாக, தாலாட்டுப் பாடுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது.

முதலாளி அண்ணனைப் பார்த்தார். ஐயாவைப் பார்த்தார். பொய் சொன்னதற்காக ஒரு மனிதனை உள்ளே தள்ளாமல் வீட்டுக்குப் போவதில்லை என்று சபதம் போட்டவர், ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு, சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். "ஆமா சார், ஜாம்தான்" என்றார். "நானும் பின்னால வரும்போதே பாத்தேன், புகையா வந்துச்சு."

டாக்டரும் தலையை ஆட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சேசிஸ் தகடு சுட்டது என்பதற்காகக் கையெழுத்துப் போட மறுத்த நியாயஸ்தன் நான். "நல்லாவே ஜாம் ஆயிருச்சு ஐயா" என்றேன்.

ஐயா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அளவையாளர் கண், எதுவும் தப்பியிருக்காது. வரைபடத்தை மெதுவாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஓம், எஞ்சின் எண்டால் ஆர்தான் என்ன செய்யிறது" என்றார். கதவைத் திறந்து தன் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அப்புறமென்ன, எஞ்சின் ஜாம் ஆன காரை ஓட்டிக்கொண்டா வர முடியும்? தள்ளினோம். பங்சார் பல் டாக்டர், கிள்ளான் லோரி முதலாளி, செமினி தலைமையாசிரியர், நான் ஆகிய நாலு பேரும், ஒரு குறையும் இல்லாத காரைத் தார் ரோடு வரைக்கும் வேர்க்க விறுவிறுக்கப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு வந்தோம். உள்ளே இரண்டு பேரும் பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டது. முதலாளி அதற்குப் பிறகு பாலாய் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை.

ஒரிஜினல் அண்ணன் இப்போது இல்லை. இருந்து, இன்னொரு தடவை எஞ்சின் ஜாம் என்று சொன்னால், இந்த வயதிலும் முதலில் இறங்கித் தள்ளுவது நானாகத்தான் இருப்பேன்.